தெர்மோகோல் கோப்பையில் நடுநிலையாக்கல் வெப்பத்தை அளப்பது: முழுமையான வழிகாட்டி

அமிலத்தையும் காரத்தையும் கலந்தால் கரைசல் சூடாகும். எத்தனை டிகிரி ஏறியது என்று பார்த்து, பெருக்கி, மோலால் வகுத்தால் விடை. கேட்க இவ்வளவுதான். ஆனால் ஒரே மேசையில் ஒரே கரைசல்களை வைத்துச் செய்யும் நான்கு பேருக்கு மோலுக்கு 52, 54, 56, 59 கி.ஜூல் என்று நான்கு விடைகள் வருகின்றன. வேதியியல் எல்லோருக்கும் ஒன்றுதான். கலப்பதற்கு முன்பு எதைச் செய்தார்கள், கலந்த பின்பு எந்த வெப்பநிலையை எடுத்துக்கொண்டார்கள் என்பதில்தான் வேறுபாடு.

கீழே உள்ள வரிசை 1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தையும் சோடியம் ஹைட்ராக்சைடையும் வைத்துச் சொல்லப்படுகிறது. மற்ற இணைகளுக்கும் இதே வரிசைதான். எங்கே மாறும் என்பது பின்னால் வருகிறது.

1. முந்தின நாள் வேலை

சோடியம் ஹைட்ராக்சைடு நீரில் கரையும்போதே மோலுக்குச் சுமார் 44 கி.ஜூல் வெப்பத்தை விடும். ஒரு லிட்டர் 1 மோலார் கரைசல் தயாரித்தால் அது பத்து டிகிரிக்கு மேல் சூடாகிவிடும். காலையில் கரைத்து, தொட்டுப் பார்த்து "ஆறிவிட்டது" என்று எடுத்துக்கொண்டால், கைக்குத் தெரியாத ஒன்றிரண்டு டிகிரி உள்ளே ஒளிந்திருக்கும். நாம் அளக்கப் போவதே ஆறேழு டிகிரிதான்.

ஆகவே கரைசல்களை முந்தின நாளே தயாரித்து, மூடி, கோப்பைகள் இருக்கும் அதே அறையில், வெயிலும் மின்விசிறிக் காற்றும் படாத ஓரிடத்தில் அருகருகே வையுங்கள். அலசுவதற்கும் அளவீட்டுக்கும் வேண்டிய வாலைவடிநீரும் அங்கேயே இருக்கட்டும்.

தேவையானவை: ஒன்றுக்குள் ஒன்றாகப் பொருந்தும் இரண்டு தெர்மோகோல் கோப்பைகள், இரண்டு துளையிட்ட மூடி, கோப்பை சாயாமல் நிற்க 400 மி.லி. பீக்கர், 0.1 டிகிரிக் கோடுகள் உள்ள வெப்பமானி, கலக்கி, 50 மி.லி. பிப்பெட், அளவு ஜாடி, தராசு, நிறுத்து கடிகாரம், வரைபடத்தாள்.

வெப்பமானியில் சமரசம் வேண்டாம். ஒரு டிகிரிக் கோடு போட்ட வெப்பமானியில் அரை டிகிரி பிழை இயல்பு. ஆறரை டிகிரி உயர்வில் அது 8 சதவீதம். மற்ற எதைக் கவனமாகச் செய்தாலும் இந்த ஓட்டையை அடைக்க முடியாது.

கண் கவசமும் கையுறையும் கட்டாயம். 1 மோலார் காரம் கண்ணில் தெறித்தால் அமிலத்தைவிட அதிகச் சேதம் செய்யும்.

2. எதைத் துல்லியமாக அளப்பது, எதை மிகையாக ஊற்றுவது

இரண்டையும் சரிக்குச் சரி 1.00 மோலார் எடுத்துக் கலக்கும் வழக்கம் உண்டு. அதைத் தவிர்ப்பது நல்லது. இரண்டும் சமமாக இருந்தால், எது முதலில் தீர்ந்தது என்பது உங்களுக்கே தெரியாது. இரண்டின் செறிவுப் பிழையும் விடைக்குள் வந்துவிடும்.

அமிலத்தை 1.00 மோலார் ஆகவும், காரத்தை 1.10 மோலார் ஆகவும் வையுங்கள். தலா 50 மி.லி. எடுத்தால் அமிலம் முழுக்கத் தீரும், காரம் பத்தில் ஒரு பங்கு மிஞ்சும். மோல் கணக்கு அமிலத்தை மட்டுமே சார்ந்திருக்கும். அமிலத்தின் செறிவை நீரற்ற சோடியம் கார்பனேட்டுக்கு எதிராக மெத்தில் ஆரஞ்சு சேர்த்துத் தரம் பார்த்துக்கொள்ளுங்கள் (டைட்ரேஷன் செய்து செறிவை உறுதிப்படுத்துவது).

காரத்தை மிகையாக வைக்க இன்னொரு காரணமும் இருக்கிறது. காரக் கரைசல் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சிக் கொஞ்சம் கார்பனேட்டாக மாறியிருக்கும். கார்பனேட்டோடு அமிலம் வினைபுரிந்தால் வெளிவரும் வெப்பம் மிகக் குறைவு. ஹைட்ராக்சைடு மிஞ்சி நிற்கும்வரை அமிலம் கார்பனேட்டைத் தேடிப் போகாது. பிழை தானாகவே ஒதுங்கிவிடும்.

அமிலத்தைப் பிப்பெட்டில் எடுத்து கோப்பையில் விடுங்கள். மிகையான காரத்தை அளவு ஜாடியில் அளந்து ஊற்றினால் போதும். ஊற்றும் பாத்திரத்தின் சுவரில் அரை மில்லி ஒட்டிக்கொண்டாலும் மோல் கணக்கு கெடாது. தலைகீழாகச் செய்தால், அந்த அரை மில்லி அமிலம் நேராக ஒரு சதவீதப் பிழையாக வந்து நிற்கும்.

3. கோப்பையைத் தயார் செய்வது

கோப்பை உலர்ந்திருக்க வேண்டும். அடியில் தங்கிய ஒரு மில்லி நீர் 4 ஜூல்/கெல்வின் வெப்ப ஏற்புத்திறனை (ஒரு டிகிரி ஏற்றத் தேவையான வெப்பத்தை) கூட்டும். அதாவது ஒரு சதவீதம். மெல்லிய தாளால் ஒற்றி எடுங்கள். சீக்கிரம் உலரட்டும் என்று அசிட்டோனால் அலசாதீர்கள்: தெர்மோகோல் அசிட்டோனில் கரைந்து உங்கள் கண்ணெதிரே ஓட்டையாகும்.

வெப்பமானியின் குமிழ் கரைசலுக்குள் முழுக்க மூழ்கியிருக்க வேண்டும், அடியையோ சுவரையோ தொடக் கூடாது. வெப்பமானியாலேயே கலக்குவதையும் விட்டுவிடுங்கள். குமிழ் உடைவது ஒருபுறம் இருக்க, குமிழ் மேலும் கீழும் போனால் அளவீடு நிலைகொள்ளாது.

4. கலோரிமானி மாறிலி

வெளிவரும் வெப்பத்தில் ஒரு பகுதி கோப்பையையும் வெப்பமானியையும் கலக்கியையும் சூடாக்கச் செலவாகும். இந்தக் கோப்பை அமைப்பை (கலோரிமானியை) ஒரு டிகிரி ஏற்றத் தேவையான வெப்பம்தான் கலோரிமானி மாறிலி. இரட்டைத் தெர்மோகோல் கோப்பைக்கு இது பொதுவாக 10 முதல் 50 ஜூல்/கெல்வினுக்குள் இருக்கும். உங்கள் அமைப்புக்கு எவ்வளவு என்பதை அளந்துதான் தெரிந்துகொள்ள வேண்டும்.

கோப்பையில் 50.0 கிராம் குளிர்ந்த நீர். வேறொரு பாத்திரத்தில் அதைவிட 20 டிகிரி சூடான நீர் 50.0 கிராம். குளிர்நீரின் வெப்பநிலையை நான்கு நிமிடம் குறித்து, ஐந்தாவது நிமிடம் சூடுநீரை ஊற்றி மூடி, தொடர்ந்து குறியுங்கள். இறுதி வெப்பநிலையை 6-ஆம் படியில் சொல்வதுபோல் வரைபடத்திலிருந்து எடுங்கள்.

மாறிலி = (சூடுநீர் இழந்த வெப்பம் − குளிர்நீர் பெற்ற வெப்பம்) ÷ குளிர்நீரின் வெப்பநிலை உயர்வு

ஓர் எடுத்துக்காட்டு: குளிர்நீர் 24.0, சூடுநீர் 44.0, இறுதி 33.5 °செ. 50 கிராம் நீரின் வெப்ப ஏற்புத்திறன் 209 ஜூல்/கெல்வின். இழந்தது 209 × 10.5 = 2194.5; பெற்றது 209 × 9.5 = 1985.5. வேறுபாடு 209 ஜூல், அதை 9.5-ஆல் வகுத்தால் 22 ஜூல்/கெல்வின்.

இப்போது இறுதி வெப்பநிலையை 33.5-க்குப் பதில் 33.6 என்று படித்ததாக வைத்துக்கொள்ளுங்கள். மாறிலி 17 ஆகிவிடும். 33.4 என்று படித்தால் 27. பத்தில் ஒரு டிகிரி பிசகினால் மாறிலி ஏறத்தாழ 5 நகர்கிறது. ஒருமுறை செய்து கிடைத்த எண்ணை நம்பக் கூடாது என்பதற்கு வேறு காரணம் வேண்டாம். மூன்று முறையாவது செய்து சராசரி எடுங்கள். நல்ல செய்தி என்னவென்றால், மாறிலியில் 5 பிசகினாலும் இறுதி விடையில் அது ஒரு சதவீதம் மட்டுமே.

இங்கே தடுக்கி விழும் இடங்கள் மூன்று.

சூடுநீரை அளவு ஜாடியில் அளப்பது: 44 டிகிரியில் 50 மி.லி. நீரின் நிறை 49.5 கிராம்தான். அந்த அரை கிராம் மாறிலியை 2-க்கு மேல் உயர்த்திக் காட்டும். தராசில் நிறுத்துங்கள்.

இரண்டு வெப்பமானிகளைச் சரிபார்க்காமல் பயன்படுத்துவது: ஒரே நீரில் இரண்டையும் வைத்துப் பாருங்கள். 0.2 டிகிரி வேறுபாடு காட்டுவது சகஜம். அந்த வேறுபாட்டைக் கழித்துக்கொள்ளுங்கள், அல்லது ஒன்றையே பயன்படுத்துங்கள்.

மாறிலி கழித்தல் குறியோடு வருவது: கோப்பை வெப்பத்தை உற்பத்தி செய்யாது, எனவே அப்படி ஒரு விடைக்கு இடமே இல்லை. பெரும்பாலும் சூடுநீரில் வெப்பமானியை நுழைத்த உடனேயே, அது முழுமையாக ஏறும் முன்பே படித்திருப்பார்கள். சூடுநீரின் வெப்பநிலை குறைவாகப் பதிவாகி, இறுதி வெப்பநிலை நடுப்புள்ளியைத் தாண்டியதுபோல் தெரியும். "மாறிலி புறக்கணிக்கத்தக்கது" என்று எழுதித் தப்பிப்பதைவிட, மீண்டும் செய்வது பத்து நிமிட வேலை.

5. கலப்பதும் குறிப்பதும்

அ) 50.0 மி.லி. அமிலத்தைப் பிப்பெட்டால் கோப்பையில் விட்டு, மூடி, வெப்பமானியைப் பொருத்துங்கள். காரத்தைத் தனி பீக்கரில் அளந்து பக்கத்தில் வையுங்கள்.

ஆ) காரத்தின் வெப்பநிலையை முதலில் பாருங்கள். வெப்பமானியை அலசி, துடைத்து, பிறகு அமிலத்துக்குக் கொண்டு வாருங்கள். அலசாமல் மாற்றினால் கோப்பைக்குள் வினை அப்போதே தொடங்கிவிடும். இரண்டுக்கும் இடையே 0.4 டிகிரி வேறுபாடு இருந்தால், கோப்பையின் வெப்பநிலையை மட்டும் தொடக்கமாகக் கொள்வது 0.2 டிகிரிப் பிழை, அதாவது 3 சதவீதம். இரண்டின் சராசரியே தொடக்க வெப்பநிலை. வேறுபாடு அரை டிகிரிக்கு மேல் இருந்தால் காத்திருங்கள்.

இ) கடிகாரத்தைத் தொடங்கி 0, 1, 2, 3, 4 நிமிடங்களில் குறியுங்கள். இந்த ஐந்து எண்களும் ஒன்றாகவே இருந்தால் நேரம் வீண் என்று தோன்றும். அவை ஒன்றாக இருக்கின்றன என்பதுதான் அறைக்கும் கரைசலுக்கும் இடையே வெப்பப் போக்குவரத்து இல்லை என்பதற்குச் சான்று.

ஈ) சரியாக 5-ஆவது நிமிடத்தில் காரம் முழுவதையும் ஒரே மூச்சில், தெறிக்காமல் ஊற்றி உடனே மூடுங்கள். இந்த நிமிடத்தில் எதையும் படிக்க வேண்டாம். சொட்டுச் சொட்டாகவோ தவணை முறையிலோ ஊற்றினால், கடைசிப் பகுதி போகும் முன்பே முதல் பகுதியின் வெப்பம் கசியத் தொடங்கிவிடும்.

உ) தொடர்ந்து ஒரே வேகத்தில் கலக்கியபடி 6-ஆவது நிமிடம் முதல் 12-ஆவது நிமிடம் வரை நிமிடத்துக்கு ஒருமுறை குறியுங்கள். கோடுகளுக்கு நடுவே அரைக்கோட்டையும் கணித்து எழுதுங்கள்.

ஊ) முடிந்ததும் ஒரு சொட்டு பினாப்தலீன். இளஞ்சிவப்பு வந்தால் காரம் மிஞ்சியிருக்கிறது, அமிலம் தீர்ந்துவிட்டது. நிறம் வராவிட்டால் கணக்குப் போட்டுப் பயனில்லை, செறிவைச் சரிபாருங்கள்.

எ) கோப்பையை உள்ளிருக்கும் கரைசலோடு நிறுத்து, வெறுங்கோப்பையின் நிறையைக் கழித்து, கரைசலின் நிறையைக் குறித்துக்கொள்ளுங்கள்.

6. உச்ச வெப்பநிலை அல்ல, கலந்த கணத்தின் வெப்பநிலை

மிக அதிகம் பேர் தவறும் படி இது. ஒரு மாதிரி அளவீடு:

0–4 நிமிடம்: 27.40 (எல்லாம்)
6 நிமிடம்: 33.80
7: 33.85
8: 33.80
9: 33.75
10: 33.70
11: 33.65
12: 33.60

பட்டியலில் பெரிய எண் 33.85. அதை எடுத்துத் தொடக்கத்தைக் கழித்தால் உயர்வு 6.45. ஆனால் வெப்பமானி 33.85-ஐ எட்டும்போது வினை முடிந்து இரண்டு நிமிடம் ஆகிவிட்டது. அதற்குள் கோப்பை கொஞ்சம் வெப்பத்தை இழந்துவிட்டது. வெப்பமானி பின்தங்கி வந்ததால் அந்த இழப்பு கண்ணுக்குத் தெரியவில்லை.

7 முதல் 12 நிமிடம் வரையிலான புள்ளிகள் வழியே நேர்கோடு வரைந்து, அதைப் பின்னோக்கி 5-ஆவது நிமிடக் கோடு வரை நீட்டுங்கள். நிமிடத்துக்கு 0.05 வீதம் இறங்கும் கோடு அங்கே 33.95-இல் வெட்டும். வெப்பம் கசியாமல், வெப்பமானி தாமதிக்காமல் இருந்திருந்தால் வந்திருக்க வேண்டிய வெப்பநிலை அது. உயர்வு 6.55.

6-ஆவது நிமிடப் புள்ளியைக் கோட்டில் சேர்க்காதீர்கள். அது வெப்பமானி இன்னும் ஏறிக்கொண்டிருந்தபோது எடுத்தது. கணினியில் நேர்கோடு பொருத்துபவர்கள் எல்லாப் புள்ளிகளையும் தேர்ந்தெடுத்துவிட்டு, கோடு ஏன் மட்டமாகப் படுத்திருக்கிறது என்று தேடுவது வழக்கமான காட்சி.

7. கணக்கு

கரைசலின் நிறை 102.6 கிராம் என்று வைத்துக்கொள்வோம். வினை முடிந்தபின் கோப்பையில் இருப்பது நீர் அல்ல, ஏறத்தாழ அரை மோலார் உப்புக் கரைசல். அதன் தன்வெப்ப ஏற்புத்திறன் 4.18 அல்ல, சுமார் 4.02 ஜூல்/கிராம்·கெல்வின்.

கரைசல்: 102.6 × 4.02 = 412.5 ஜூல்/கெல்வின்
கோப்பை: 22 ஜூல்/கெல்வின்
மொத்தம்: 434.5 ஜூல்/கெல்வின்
வெப்பம்: 434.5 × 6.55 = 2846 ஜூல்
அமிலம்: 0.0500 லிட்டர் × 1.00 = 0.0500 மோல்
என்தால்பி மாற்றம் (வினையின் மோலுக்கான வெப்ப மாற்றம்): −2846 ÷ 0.0500 = −56,900 ஜூல்/மோல் = −56.9 கி.ஜூல்/மோல்

கழித்தல் குறி மறக்க வேண்டாம். கரைசல் பெற்ற வெப்பம், வினை இழந்த வெப்பம்.

"100 மி.லி. என்றால் 100 கிராம், ஏற்புத்திறன் 4.18" என்று எளிமையாக எடுத்தால் 418 வருகிறது, 412.5-க்கும் அதற்கும் வேறுபாடு ஒன்றரை சதவீதம்கூட இல்லை. நிறையைக் குறைத்ததும் ஏற்புத்திறனைக் கூட்டியதும் ஒன்றையொன்று ஈடுகட்டிக்கொள்கின்றன. ஆபத்து பாதியை மட்டும் திருத்துவதில்தான். நிறையைக் கவனமாக 102.6 என்று நிறுத்துவிட்டு 4.18-ஆல் பெருக்கினால் விடை 59.1-க்கு எகிறும். இரண்டையும் திருத்துங்கள், இல்லையேல் இரண்டையும் விட்டுவிடுங்கள்.

அடுத்தது, எந்த எண்ணோடு ஒப்பிடுவது? நூல்களில் 55.8, 57.3 என்று இரண்டு எண்கள் அடிபடும். இரண்டும் சரியே. மிக நீர்த்த கரைசலில் 25 டிகிரியில் 55.8. வெப்பநிலை ஒரு டிகிரி குறைய இந்த எண் சுமார் 0.2 கூடும், 18 டிகிரியில் அது 57.3. நாம் பயன்படுத்துவதோ 1 மோலார். அந்தச் செறிவில் அயனிகள் நீர்த்துப்போகும் வெப்பமும் சேர்ந்து வரும் என்பதால், அறை வெப்பநிலையில் 57-ஐ ஒட்டிய விடையே எதிர்பார்க்கத் தக்கது.

இதில் ஒரு பொறி உண்டு. மேலே உள்ள எடுத்துக்காட்டில் 33.85 என்ற உச்சத்தையே எடுத்திருந்தால் விடை 56.0 வரும். நூலில் உள்ள 55.8-க்கு அது இன்னும் நெருக்கம். பிழையான முறை அழகான விடை தந்துவிட்டது. எண் பொருந்துகிறது என்பதற்காக முறையை நம்பாதீர்கள்.

8. வேறு அமிலம், வேறு காரம்

அசிட்டிக் அமிலம்: "மென் அமிலம் அயனியாக வெப்பம் செலவாகும், ஆகவே உயர்வு நிறையக் குறையும்" என்று எதிர்பார்த்து வருவார்கள். அசிட்டிக் அமிலம் அயனியாவதன் என்தால்பி 25 டிகிரியில் ஏறக்குறைய பூஜ்யம். அதனால் உயர்வில் வேறுபாடு பத்தில் ஒன்றிரண்டு டிகிரிதான். வேறுபாடே தெரியவில்லை என்றால் சோதனை தோற்றதாக அர்த்தமில்லை. ஹைட்ரோகுளோரிக் அமிலத்தையும் இதையும் ஒரே கோப்பை, ஒரே வெப்பமானி, ஒரே நாள் என்று அடுத்தடுத்துச் செய்யுங்கள். மாறிலிப் பிழை இரண்டுக்கும் பொதுவாகிவிடும். ஒப்பீடு மட்டும் மிஞ்சும்.

அமிலம் மென்மையானது என்றாலே வெப்பம் குறையும் என்பதும் விதி அல்ல. ஹைட்ரோஃபுளூரிக் அமிலம் மென் அமிலம்தான். அதன் நடுநிலையாக்கல் வெப்பம் சுமார் 68. இதைப் படித்துத் தெரிந்துகொண்டால் போதும், செய்து பார்க்க வேண்டாம். அந்த அமிலம் தோல் வழியே உள்ளே போய் உயிருக்கே ஆபத்தாகும்.

அம்மோனியா: எதிர்பார்க்கும் எண் சுமார் 52. அம்மோனியா ஆவியாகித் தப்பும், செறிவு நாளுக்கு நாள் குறையும். 1.1 மோலார் என்று ஒட்டிய சீட்டை நம்பாமல் அன்றே தரம் பாருங்கள். திறந்த பீக்கரில் நான்கு நிமிடம் வைக்காமல் மூடியே வையுங்கள். புகை உறிஞ்சும் பெட்டிக்குள் செய்வது நல்லது. ஆனால் அதன் காற்றோட்டம் கோப்பையைக் குளிர்விக்கும், மூடி இறுக்கமாக இருக்கட்டும்.

கந்தக அமிலம்: 0.50 மோலார் எடுங்கள். 50 மி.லி.யில் 0.025 மோல் அமிலம், உருவாகும் நீர் 0.050 மோல். எதனால் வகுத்தீர்கள் என்பதை எழுதாமல் விட்டால் விடை இரட்டிப்பாகத் தெரியும். நீரின் மோலால் வகுத்தாலும் 57-ஐத் தாண்டியே வரும், ஏனென்றால் பைசல்பேட் அயனி பிரியும்போதும் வெப்பம் வெளிவருகிறது.

எந்த இணையானாலும் ஒருமுறை வெற்றோட்டம் செய்யுங்கள்: அமிலத்துக்குப் பதில் 50 மி.லி. வாலைவடிநீர் வைத்து அதே காரத்தை ஊற்றுங்கள். 1 மோலார் கரைசல்களில் மாற்றம் 0.1 டிகிரிக்குள் இருக்கும். அதற்கு மேல் போனால் காரம் ஆறவில்லை.

9. ஹெஸ் விதியால் ஒரு சரிபார்ப்பு

தொடக்கமும் முடிவும் ஒன்றானால், எந்த வழியில் போனாலும் மொத்த வெப்பம் ஒன்றே என்பது ஹெஸ் விதி. அதன்படி அம்மோனியம் குளோரைடையும் சோடியம் ஹைட்ராக்சைடையும் கலந்தால் வரும் வெப்பம், 7-ஆம் படியின் விடையிலிருந்து அம்மோனியாவின் விடையைக் கழித்தால் வருவதற்குச் சமமாக இருக்க வேண்டும். நீர்த்த கரைசல் எண்களில் 55.8 − 52 = சுமார் 4 கி.ஜூல்/மோல்.

நேரடியாக அளந்தால் உயர்வு 0.4 டிகிரி மட்டுமே. தொடக்கம், முடிவு இரண்டிலும் 0.1 டிகிரி நிச்சயமின்மை இருந்தால் உயர்வில் 0.14, அதாவது மூன்றில் ஒரு பங்கு. ஆகவே நேரடியாக 3 வந்தாலும் 5 வந்தாலும் பொருத்தம் என்றே எழுதலாம். எழுதும்போது பிழை வரம்பையும் சேர்த்து எழுதுங்கள். அம்மோனியம் குளோரைடு கரையும்போது குளிரும் என்பதால் அதையும் முந்தின நாளே கரைத்து வைக்க வேண்டும். இதை மறந்தவர்களுக்கு வெப்பநிலை கீழே இறங்குவதும் உண்டு.

10. விடை பிசகினால் எங்கே தேடுவது

54-ஐ ஒட்டி வந்தால் முதலில் மாறிலியைச் சேர்த்தீர்களா என்று பாருங்கள். 7-ஆம் படியின் அதே எண்களில் 22-ஐ விட்டுவிட்டால் சரியாக 54.0 வரும்.

50-க்குக் கீழே போனால் கணக்கை விட்டுவிட்டு அமிலத்தைச் சந்தேகியுங்கள்: பிப்பெட்டை நீரால் மட்டும் அலசி, அமிலத்தால் அலசாமல் நிரப்பியிருக்கலாம், மூடி திறந்தே இருந்திருக்கலாம், கலக்காமல் விட்டதால் அடியில் ஒரு வெப்பநிலை, மேலே ஒரு வெப்பநிலை என்று இருந்திருக்கலாம்.

59-க்கு மேல் என்றால் பாதித் திருத்தம், அல்லது அமிலத்தைவிடச் சூடாக இருந்த காரம்.

மூன்று முறை செய்ததில் உயர்வுகள் 0.1 டிகிரிக்குள் ஒத்துப்போய், விடை மட்டும் விலகி நின்றால், கையில் குறை இல்லை. செறிவிலோ மாறிலியிலோ இருக்கிறது. உயர்வுகளே 0.3, 0.4 என்று சிதறினால் நான்காம் முறை செய்வதற்கு முன் கரைசல்களின் வெப்பநிலையைப் பாருங்கள். கையில் பிடித்தபடியே காத்திருந்த காரப் பீக்கர், உள்ளங்கைச் சூட்டிலேயே அந்த அளவு ஏறியிருக்கும்.